டேட்டாபேஸில் எத்தனை ஆப்ஜெக்ட்? யார் எண்ணுகிறார் என்பதைப் பொறுத்தது

ஒரு டேட்டாபேஸைப் பழைய சர்வரிலிருந்து புதுசுக்கு மாற்றினோம். எல்லாம் வந்து சேர்ந்ததா என்று பார்க்க இரண்டு பக்கமும் ஆப்ஜெக்ட்களை எண்ணினேன். புதுசில் குறைவு! ராத்திரி நேரம், வயிற்றைக் கலக்கிவிட்டது. கடைசியில் பார்த்தால் எதுவுமே தொலையவில்லை. நான் எண்ணிய விதம்தான் தப்பு.

நான் சொல்வது மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வர் பற்றி. இதில் சிஸ்.ஆப்ஜெக்ட்ஸ் என்று ஒரு கேட்டலாக் வியூ இருக்கிறது; ஆப்ஜெக்ட் ஒன்றுக்கு ஒரு வரி. மொத்தமாக எண்ணாமல், 'டைப்' ஃபீல்டில் குரூப் பை போட்டு எண்ண வேண்டும். யூ என்றால் டேபிள், வி என்றால் வியூ, பி ஸ்டோர்டு ப்ரொசீஜர், டிஆர் ட்ரிக்கர். பங்ஷன் மட்டும் எஃப்என், ஐஎஃப், டிஎஃப் என்று மூன்றாகப் பிரிந்து கிடக்கும்.

இதில் சில பொறிகள் உண்டு.

முதலாவது, பிரைமரி கீ, ஃபாரின் கீ, டிஃபால்ட், செக் எல்லாமே தனித்தனி ஆப்ஜெக்ட். ஒரே டேபிள் ஐந்தாறு வரிகளைக் கூட்டிவிடும். சிஸ்டம் டேபிள்களும் சேர்ந்து வரும்; இஸ்_எம்எஸ்_ஷிப்டு = 0 என்று வடிகட்டுங்கள்.

இரண்டாவது, இண்டெக்ஸ் இந்தப் பட்டியலில் வராது. அதற்கு சிஸ்.இண்டெக்ஸஸ். அங்கேயும் கிளஸ்டர்டு இண்டெக்ஸ் இல்லாத டேபிளுக்கு, இண்டெக்ஸ்_ஐடி 0 என்று ஒரு வரி இருக்கும். அது இண்டெக்ஸ் இல்லை. டிடிஎல் ட்ரிக்கர்களை சிஸ்.ட்ரிக்கர்ஸில் தேடணும்.

மூன்றாவதுதான் என்னைக் கவிழ்த்தது. 2005 வெர்ஷனிலிருந்து, உங்கள் லாகினுக்கு உரிமை உள்ள ஆப்ஜெக்ட் மட்டுமே கேட்டலாக்கில் தெரியும். மற்றவை சத்தமில்லாமல் மறைந்துவிடும், எரர்கூட வராது. பழைய சர்வரில் நான் டிபி_ஓனர். புதுசில் கொடுத்திருந்தது டிபி_டேட்டாரீடர் மட்டும். அதாவது டேபிளையும் வியூவையும் படிக்கலாம், ப்ரொசீஜர் கண்ணில் படாது. வகைவாரியாக எண்ணியதும் குட்டு உடைந்தது: டேபிள் அச்சாக ஒத்துப்போனது, நாங்கள் எழுதிய ப்ரொசீஜர் பூஜ்யம்! வியூ டெஃபனிஷன் உரிமை வாங்கியதும் எல்லாம் வந்துவிட்டது.

எண்ணிக்கை ஒத்துப்போனாலும் நிம்மதியாகத் தூங்கிவிடாதீர்கள். ஒரு ட்ரிக்கர் விடுபட்டு, வேறொன்று கூடுதலாக இருந்தாலும் கணக்கு சரியாகத்தான் வரும். வகை, ஸ்கீமா, பெயர் மூன்றையும் இரண்டு பக்கமும் எடுத்து, எக்ஸெப்ட் போட்டு ஒப்பிடுங்கள். இரு திசையிலும் காலியாக வந்தால், பெயரளவில் எதுவும் விடுபடவில்லை என்று தைரியமாகச் சொல்லலாம்.