மணலில் எழுதப் பழகிய மாணவர்

"என்னடா சாப்பிட்டாய்?"

வீட்டுப் பிள்ளை கடல் கடந்து போனால், போய்ச் சேர்ந்த செய்தி வந்ததும் தாயார் கேட்கும் முதல் கேள்வி இதுதான். அப்புறம்தான் மற்றவை எல்லாம். எங்கே தங்கியிருக்கிறாய்? அக்கம் பக்கத்து மனிதர்கள் எப்படி? அவர்கள் பேசுவது புரிகிறதா? இந்தக் காலத்தில் பதிலும் அரை நிமிஷத்தில் வந்துவிடுகிறது.

முந்நூறு வருஷங்களுக்கு முன்னால், இந்தக் கேள்விகளைக் கேட்பதற்குத் தாயார் இல்லாத ஒரு பிள்ளை, காவிரி பாயும் நம் சீமையின் கடற்கரையில் வந்து இறங்கினார். ஊர் தரங்கம்பாடி. தேதி 1706-ஆம் வருஷம் ஜூலை மாதம் 9. மறுநாள் பொழுது விடிந்தால் அவருக்கு வயது 24. பெயர் பர்த்தலோமேயு சீகன்பால்க். 'சீகன்பால்க் ஐயர்' என்று தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் இன்றும் மரியாதையோடு சொல்லுகிறார்களே, அவரேதான்.

அவர் என்ன போதித்தார், எத்தனை பேரைத் தம் மதத்தில் சேர்த்தார் என்பதையெல்லாம் சரித்திரப் புத்தகங்கள் சொல்லும். நமக்கு வேண்டியது வேறு. அந்த வாலிபர் இங்கே தினமும் என்னதான் செய்துகொண்டிருந்தார்? பாஷை தெரியாத ஊரில், சொந்த பந்தம் இல்லாத இடத்தில், அவருடைய ஒரு நாள் பொழுது எப்படிக் கழிந்தது?

நெல் நாட்டுக்கு வந்த தானிய வியாபாரி மகன்

ஜெர்மனியில் ஸாக்ஸனி நாட்டில் புல்ஸ்னிட்ஸ் என்பது சிறிய ஊர். அங்கே தானிய வியாபாரம் செய்துவந்த ஒருவரின் மகன்தான் நம் சீகன்பால்க். சிறு வயதிலேயே தாயார் காலமாகிவிட்டார். மரணப் படுக்கையில் அந்த அம்மாள் குழந்தைகளை அருகில் அழைத்து, தாம் ஒரு பெரிய புதையல் சேர்த்து வைத்திருப்பதாகச் சொன்னாராம். எங்கே என்று கேட்டதற்கு வேதப் புத்தகத்தைக் காட்டினாராம். சில காலத்தில் தகப்பனாரும் போய்விட்டார். அக்காள்மார்தான் தம்பியை ஆதரித்தார்கள்.

அந்தக் காலத்தில் தரங்கம்பாடி டேனிஷ்காரர் வசம் இருந்தது. 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு, கடலோரத்தில் டேன்ஸ்போர்க் என்ற கோட்டையை அவர்கள் கட்டியிருந்தார்கள். டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக், தம் வசமிருந்த அந்த ஊருக்குப் பாதிரிமாரை அனுப்ப வேண்டுமென்று விரும்பினார். டென்மார்க்கில் ஆள் கிடைக்கவில்லை. ஜெர்மனியிலிருந்து சீகன்பால்கும் அவருடைய தோழர் ஹென்ரிக் புளூட்சாவும் புறப்பட்டார்கள். 1705 நவம்பரில் கப்பலேறியவர்கள், ஏழு மாதங்களுக்கு மேல் கடலிலேயே கழித்துவிட்டுத்தான் நம் கரையைக் கண்டார்கள்.

வந்தவர்களுக்கு வரவேற்பு பிரமாதமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறீர்களா? அதுதான் இல்லை! கம்பெனியார் வியாபாரத்துக்கு வந்தவர்கள். அரசர் அனுப்பிய பாதிரிகள் அவர்களுக்கு வீண் தொல்லையாகத் தோன்றினார்கள். கோட்டை அதிகாரி அவ்விருவரையும் மணிக்கணக்காகக் காத்திருக்க வைத்தார். ராஜாவின் முத்திரை பதித்த கடிதம் கையில் இருந்தும், அன்றிரவு எங்கே படுப்பது என்பதே அவர்களுக்குப் பெரிய கேள்வியாகிவிட்டது.

குழந்தைகளோடு குழந்தையாக

துறைமுகத்தில் போர்த்துகீசிய பாஷை ஓரளவு செல்லும். வீதியைத் தாண்டி வயல் வரப்புக்குப் போனால் தமிழ்தான். தமிழ் தெரியாமல் இங்கே எதுவும் நடவாது என்பதைச் சீகன்பால்க் சில நாட்களிலேயே தெரிந்துகொண்டார்.

ஊரில் சுமார் 70 வயதான ஓர் உபாத்தியாயர் திண்ணைப் பள்ளிக்கூடம் நடத்திவந்தார். அந்தப் பள்ளிக்கூடத்தையே தங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து நடத்தும்படி பாதிரிகள் கேட்டுக்கொண்டார்கள். பையன்கள் தரையில் வரிசையாக உட்கார்ந்து, மணலைப் பரப்பி, விரலால் 'அ, ஆ' எழுதினார்கள். அந்த வரிசையிலே சர்வகலாசாலையில் படித்த இரண்டு வெள்ளைக்காரர்களும் சம்மணமிட்டு உட்கார்ந்து மணலில் எழுதினார்கள்! அந்தப் பொடியன்கள் எப்படிச் சிரித்திருப்பார்கள் என்று நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

எழுத்து வந்துவிட்டது. அர்த்தம்? வாத்தியாருக்குத் தமிழைத் தவிர வேறு பாஷை தெரியாது. ஆகவே அழகப்பன் என்பவரை அமர்த்திக்கொண்டார்கள். அவர் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். போர்த்துகீசியம், டேனிஷ், ஜெர்மன், டச்சு ஆகிய பாஷைகளும் அவருக்குத் தெரியும். எட்டு மாதங்களுக்குள் சீகன்பால்க் தமிழில் படிக்கவும் பேசவும் தொடங்கிவிட்டார்.

இந்த உதவிக்கு அழகப்பன் கொடுத்த விலை கொஞ்சமல்ல. பிற்பாடு அவர் தரங்கம்பாடியை விட்டே வெளியேற நேர்ந்தது. தஞ்சை ராஜ்யத்தில் அவர் சிறைப்பட்டுத் துன்புற்றதையும் பாதிரிமார் கடிதங்கள் கூறுகின்றன. போதிக்க வந்தவரின் பெயர் கல்லில் பொறிக்கப்பட்டது. அவருக்குப் பேசக் கற்றுக்கொடுத்தவரின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஒரு நாள் பொழுது

தம் தினசரி வேலைகளைச் சீகன்பால்கே ஊருக்கு எழுதியிருக்கிறார். அதைப் பார்த்தால் பரீட்சைக்குப் படிக்கும் மாணவனின் கால அட்டவணை போலவே இருக்கிறது.

காலை 6 மணிக்கு ஞான உபதேசம். 7 முதல் 8 வரை, முன்பு கற்ற தமிழ்ச் சொற்களை உருப்போடுதல். 8 மணிக்கு உட்கார்ந்தால் 12 வரையில் தமிழ் ஏடுகள். பக்கத்தில் வயதான புலவர் ஒருவர் அர்த்தம் சொல்லுவார். எழுத்தர் ஒருவர் புதுச் சொற்களையெல்லாம் குறித்துக்கொள்ளுவார். பகல் சாப்பாட்டு நேரத்திலும் சும்மா இருப்பதில்லை. யாராவது ஏதாவது வாசிக்க, கேட்டுக்கொண்டே சாப்பிடுவார். வெயில் கொளுத்தும் வேளையில் ஒரு மணி நேரம் ஓய்வு. பிறகு உபதேசம். 3 முதல் 5 வரை மறுபடியும் தமிழ் ஏடு. மாலையில் பிரார்த்தனையும், கூட ஊழியம் செய்பவர்களோடு ஆலோசனையும். இருட்டிய பிறகு கண் அசந்துவிடுமே! அப்போது ஒருவர் ஏடு வாசிப்பார். இவர் காதால் கேட்டு அந்த நடையைப் பழகிக்கொள்ளுவார்.

ஓலைச் சுவடிகள் எங்கிருந்து வந்தன? இங்கேதான் பெண்கள் வருகிறார்கள். சீகன்பால்க் தம் எழுத்தர்களை வெளியூர்களுக்கு அனுப்பிச் சுவடிகளை விலைக்கு வாங்கிவரச் சொன்னார். அவற்றைக் கொடுத்தவர்கள், பெரும்பாலும், படித்த கணவரை இழந்த கைம்பெண்கள். சொற்ப விலைக்குக் கொடுத்தார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார்.

இதைப் படிக்கும்போது மனம் கொஞ்சம் கனக்கத்தான் செய்கிறது. கணவர் கண்ணைப் போலக் காத்த ஏட்டுக் கட்டு பரண்மேல் கிடக்கிறது. அதைப் பிரித்துப் படிக்க அவளுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தவர் இல்லை. வாசலில் வந்து கேட்பவர் கையில் நாலு காசு இருக்கிறது. வீட்டிலே அரிசிப் பானை காலி. அவள் வேறு என்ன செய்வாள்? பழைய ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்ட கதைகளை உ. வே. சாமிநாதையர் எழுதியிருக்கிறாரல்லவா? அதை நினைத்தால், விற்ற ஏடாவது பிழைத்தது என்று ஆறுதல் கொள்ள வேண்டியதுதான்.

இப்படிச் சேர்ந்த நூற்றுக்கு மேற்பட்ட நூல்களுக்கு 1708-இல் அவர் ஒரு விவரப் பட்டியலே தயாரித்துவிட்டார். கொன்றை வேந்தன், உலக நீதி, நீதி வெண்பா மூன்றையும் அதே வருஷம் ஜெர்மன் பாஷையில் பெயர்த்தார். வருவதற்கு முன்னால் இந்த ஜனங்களைக் கல்வி அறிவில்லாதவர்களாகத் தாமும் எண்ணியிருந்ததாகவும், அவர்களுடைய நூல்களைப் படித்த பிறகு அந்த எண்ணம் மாறியதாகவும் ஒளிக்காமல் எழுதினார்.

பெண் குழந்தைகள் எழுத்தறியாமல் இருக்கக்கூடாது என்ற எண்ணமும் அவருக்கு இருந்தது. 1707-லேயே பெண் குழந்தைகளுக்கென்று தரங்கம்பாடியில் பள்ளி ஏற்பட்டுவிட்டது.

விதவைக்குப் பரிந்ததற்குச் சிறை

1708-இல் ஒரு வழக்கு. நாவிதர் ஒருவர் இறந்துபோனார். அவருக்கும் கம்பெனி ஊழியர் ஒருவருக்கும் இருந்த கடன் விவகாரத்தில் அவருடைய மனைவி நியாயம் கேட்டுக் கோட்டைக்கு நடந்தாள். சீகன்பால்க் அவளுக்காகப் பரிந்து பேசினார். ஒரு தடவை அல்ல, திரும்பத் திரும்பப் பேசினார். கோட்டை அதிகாரி ஹாசியஸுக்குக் கோபம் வந்துவிட்டது. முன்னமே இருந்த மனஸ்தாபமும் சேர்ந்துகொண்டது. வாலிபப் பாதிரியைப் பிடித்து டேன்ஸ்போர்க் கோட்டையில் அடைத்துவிட்டார்.

நான்கு மாதச் சிறைவாசம். கடற்காற்றும் புழுக்கமும் சேர்ந்த சின்ன அறை. எழுதுவதற்குப் பேனாவும் மையும்கூட முதலில் தரவில்லை. தினமும் எழுதிப் பழகிய மனிதருக்கு இதைவிடப் பெரிய தண்டனை ஏது?

உடைத்த கையும் எழுதிய கையும்

அவரை அப்பழுக்கற்றவராகக் காட்டுவது நம் நோக்கமல்ல. ஒரு சமயம், அம்மன் கோயில் ஒன்றின் அருகே இருந்த உருவங்களைக் கண்டு ஆத்திரப்பட்டு, சிலவற்றைக் கீழே தள்ளி, சிலவற்றின் தலையை உடைத்துவிட்டார். விவரமறிந்த ஒருவர் அங்கே வந்து, "இவை தெய்வங்கள் அல்ல, தெய்வத்தின் காவல் வீரர்கள்" என்ற கருத்தில் பொறுமையாக விளக்கினார். இந்தச் சம்பவத்தை எழுதிவைத்தவரும் சீகன்பால்கேதான்.

அந்த ஜனங்களின் மனம் எவ்வளவு புண்பட்டிருக்கும்! ஆனால் அதே கைதான் 1713-இல் தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றிப் பெரிய நூல் ஒன்றை எழுதி முடித்தது. சிவன், விஷ்ணு மட்டுமா? மாரியம்மன், ஐயனார் போன்ற கிராம தேவதைகள், அவர்களுக்கு நடக்கும் திருவிழாக்கள், படையல்கள் எல்லாவற்றையும் தமிழர்களிடமே கேட்டுக் கேட்டு எழுதினார். தம் மதமே மெய்யானது என்ற நம்பிக்கையை அவர் கடைசிவரை விடவில்லை. ஆயினும், எதிராளி சொல்வதை முழுதும் கேட்டு எழுதிக்கொள்ளும் பழக்கம் அவருக்கு வந்துவிட்டது.

கையெழுத்துப் பிரதி ஜெர்மனிக்குப் போயிற்று. ஹாலே நகரத்துப் பெரியவர்கள் அதை அச்சிட மறுத்தார்கள். அந்த மதத்தை ஒழிக்க அனுப்பினோமா, அதைப் பரப்ப அனுப்பினோமா என்பது அவர்கள் கட்சி. 154 வருஷம் கழித்து, 1867-இல் சென்னையில்தான் அந்த நூல் அச்சேறியது.

பாலாடைக் கட்டிப் பெட்டியில் பிறந்த எழுத்து

தமிழில் அச்சு புதிதல்ல. 1578-லேயே 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் அச்சாகிவிட்டது. ஆனால் சீகன்பால்கின் காலத்தில் அந்தத் தொழில் நம் பக்கத்தில் இல்லை. லண்டனிலிருந்து அச்சுப் பொறி வந்தது. ஹாலேயிலிருந்து தமிழ் எழுத்துக்கள் வந்தன. எழுத்துக்கள் மிகவும் பெரியவை, காகிதமோ குறைவு. சிறிய எழுத்து வார்க்க ஈயம் வேண்டுமே! இங்கிலாந்திலிருந்து பாலாடைக் கட்டி வந்த பெட்டிகளின் ஈயத் தகட்டை உருக்கி எழுத்து வார்த்தார்கள். வீட்டிலே பழைய டப்பாவைத் தூக்கி எறிய மனம் வராத நம் பாட்டிமாருக்கு இந்தச் சாமர்த்தியம் புரியும். பக்கத்துப் பொறையாற்றில் காகித ஆலையும் ஏற்பட்டது. 1715-க்குள் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாகிவிட்டது.

1716-இல் மரியா டொரோத்தியா என்ற பெண்ணை மணந்து தரங்கம்பாடிக்கு அழைத்துவந்தார். 1718-இல் புது எருசலேம் ஆலயம் எழும்பிற்று. ஆனால் தேகம் முன்பே நலிந்துவிட்டது. 1719 பிப்ரவரி 23-ஆம் தேதி, 36-ஆவது வயதில், அந்த ஆலயத்து மண்ணிலேயே அடங்கிவிட்டார்.

எண்பதினாயிரம் கலம் நெல்

தஞ்சைக்குள் சுதந்திரமாகப் போய்வர அவருக்குக் கடைசிவரை வாய்க்கவில்லை. அது வாய்த்தது, 1750-இல் தம் 23-ஆவது வயதில் வந்த இன்னொரு ஜெர்மானிய வாலிபருக்கு. அவர் பெயர் ஸ்வார்ட்ஸ். கப்பலேறும் முன்பே அவர் தமிழ் கற்கத் தொடங்கியிருந்தார்.

1781-இல் ஹைதர் அலி படையெடுப்பின்போது தஞ்சைக் கோட்டைக்குள் பஞ்சம். வெளியே நெல் இருந்தது. ஆனால் கொடுத்த நெல்லுக்குப் பணம் வராது என்று பயந்து குடியானவர்கள் மாட்டை அவிழ்க்க மறுத்தார்கள். ஸ்வார்ட்ஸ், "பணத்துக்கு நான் ஜவாப்தாரி" என்ற பொருள்பட வாக்குக் கொடுத்தார். எண்பதினாயிரம் கலம் தானியம் கோட்டைக்கு வந்து சேர்ந்தது! கலம் ஒன்றுக்குப் பன்னிரண்டு மரக்கால். கணக்குப் போட்டுப் பாருங்கள். அரசாங்கத்தை நம்பாத மிராசுதாரர் தமிழ் பேசிய ஓர் அந்நியரை நம்பினார். அந்த நம்பிக்கைக்கு விதை விழுந்தது எங்கே என்று கேட்டால், தரங்கம்பாடியில் பரப்பிய மணலில்தான் என்று சொல்லத் தோன்றுகிறது.

இன்று தரங்கம்பாடி மயிலாடுதுறை மாவட்டத்தில் இருக்கிறது. கோட்டையும் ஆலயமும் இன்னும் நிற்கின்றன; வாலிபர் வந்து இறங்கிய இடத்தில் நினைவுச் சின்னமும் உண்டு. சம்பா பயிர் பச்சைப் பசேலென்று நிற்கும் மாதத்தில் ஒரு நாள் குழந்தைகளோடு போய்வாருங்கள். ஆலயத்தில் அவருடைய கல்லறையைக் காட்டும்போது, அந்தத் திண்ணை வாத்தியாரையும், அழகப்பனையும், பரண்மேலிருந்து ஏட்டுக் கட்டை இறக்கிக் கொடுத்த அந்தப் பெயர் தெரியாத தாய்மார்களையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வெளிதேசத்திலிருக்கும் நம் பிள்ளையிடம், "என்ன சாப்பிட்டாய்?" என்று கேட்பதை விட்டுவிட வேண்டாம். அதோடு இன்னொன்றும் கேட்டுவைப்போம். "அங்கே யாரிடம் உட்கார்ந்து, என்ன கற்றுக்கொண்டாய்?"