போதகருக்கு விடுப்பு நாள் எது?

காலையில் ஒரு முதியவரின் அடக்க ஆராதனை. மதியம் ஆஸ்பத்திரியில், அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்பவருக்காக ஜெபம். மாலையில் ஒரு திருமணம். இரவு கமிட்டிக் கூட்டம். கூரை ஒழுகுகிறது, பணம் எங்கே என்ற வாக்குவாதம். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் சிற்றூர்ப் போதகர் ஒருவருக்கு இப்படி ஒரு நாள் அமைவது அபூர்வமல்ல. துக்க வீட்டிலிருந்து கல்யாண வீட்டுக்கு முகத்தையும் மனத்தையும் மாற்றிக்கொண்டு போகும் இந்த வேலைக்கு, சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷீல்ட் 1983இல் வெளியிட்ட நூலில் ‘உணர்ச்சி உழைப்பு’ என்று பெயர் வைத்தார்.

உடம்பு அதற்குக் கணக்கு வைத்திருக்கிறது. டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் அம்மாநிலத்தின் ஐக்கிய மெதடிஸ்ட் போதகர்கள் 1,726 பேரிடம் உடல்நிலை பற்றி விசாரித்தார்கள். 35 முதல் 64 வயதுள்ளவர்களில் ஏறத்தாழ 40 சதவீதம் பேருக்கு உடல்பருமன். மாநிலத்தின் மற்ற மக்களைவிடப் பத்துப் புள்ளிகள் அதிகம். நீரிழிவு, ரத்த அழுத்தம், மூட்டுவலி, ஆஸ்துமா எல்லாமே கூடுதல். தொலைபேசியில் பதிலளித்தவர்களில் 8.7 சதவீதம் பேரிடம் மனச்சோர்வு தெரிந்தது. நாட்டின் சராசரி 5.5.

ஆய்வாளர்கள் அத்தோடு நிற்கவில்லை. உணவு, எடை, மனஅழுத்தம் மூன்றையும் கவனிக்கும் இரண்டாண்டு நலத்திட்டத்தில் 1,100க்கும் மேற்பட்ட போதகர்களைச் சேர்த்தார்கள். இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவை சேர்ந்து கெடும் வளர்சிதைமாற்றக் கோளாறு குறைந்தது. மனச்சோர்வும் மனஅழுத்தமும் மட்டும் அசையவில்லை.

யோசிக்க வேண்டிய முடிவு இது. தட்டில் என்ன விழ வேண்டும் என்பதைப் போதகரே தீர்மானிக்கலாம். இரவு பதினொரு மணிக்கு மணியடிக்கும் போன் அவர் கையில் இல்லை.

வேலையை விட்டு வீட்டுக்கு வந்தால் போதாது, மனமும் வேலையை விட்டு விலக வேண்டும் என்கின்றன ஜெர்மானிய உளவியலாளர் சபீனே சொனென்டாக்கின் ஆய்வுகள். நடந்த சண்டையையே மனம் திரும்பத் திரும்ப அசைபோட்டால், உடல் இன்னும் ஆபத்தில் இருப்பதாகவே நடந்துகொள்ளும், தூக்கம் கெடும். இன்னொன்றையும் அவர் சுட்டிக்காட்டுகிறார்: யாருக்குப் பளு அதிகமோ, அவர்களால்தான் மனத்தை விலக்கவே முடிவதில்லை. ஓய்வு மிகவும் தேவைப்படுபவருக்கே அது எட்டாமல் போகிறது. ஆலய வளாகத்திலேயே குடியிருக்கும் போதகரைப் பார்த்து, “நீங்கதான் உங்க உடம்பைப் பாத்துக்கணும்” என்று சொல்லிவிட்டு நகர்வது நியாயமே அல்ல.

ஓய்வை விதியாகவே எழுதிவைத்த திருச்சபைகளும் உண்டு. இங்கிலாந்து திருச்சபையின் 2009ஆம் ஆண்டு பணி விதிகள் ஏழு நாளில் ஒருமுறை குறைந்தது 24 மணி நேர இடையறாத ஓய்வும், ஆண்டுக்கு 36 நாள் விடுப்பும் தருகின்றன. கத்தோலிக்கத் திருச்சட்டம் பங்குத்தந்தைக்கு ஆண்டில் ஒரு மாதம் வரை விடுமுறை அனுமதிக்கிறது. தியான நாட்கள் அந்தக் கணக்கில் சேராது. தியானம் வேறு, விடுமுறை வேறு என்று தெளிவாகப் பிரித்துவைத்தது நல்ல காரியம்.

விதி ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது, சபையார் அதைக் காக்க வேண்டும். உங்கள் போதகரின் விடுப்பு நாள் எது என்று இந்த வாரமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அன்று வரும் அழைப்புகளை ஏற்க மூப்பர்கள் இரண்டு பேரை நியமியுங்கள். உயிர் போகிற அவசரம் தவிர மற்றதெல்லாம் மறுநாள் காலை வரை காத்திருக்கட்டும்.