வரிசை மாறினால் ஊரும் மாறும்

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ9 வீதியில், மாத்தளைக்குச் சற்று வடக்கே இருக்கிறது அலுவிகாரை. கி.மு. முதலாம் நூற்றாண்டில் திரிபிடகம் ஓலையில் எழுதப்பட்டதாகப் போற்றப்படும் குகை விகாரை அங்குள்ளது. அந்த இடத்தை ஏறத்தாழ இரண்டு எண்களில் சொல்லிவிடலாம்: வடக்கு 7.5 பாகை, கிழக்கு 80.6 பாகை. எண்களை இடம் மாற்றினால் ஆர்க்டிக் கடலில், ஸ்வால்பார்ட் தீவுகளின் பக்கம் போய் நிற்போம். ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்கு ஆள்கூறு கற்பிக்கையில் முதலில் புரியவைக்க வேண்டியது இதையே. (3, 5) என்றால் வலப்புறம் மூன்று, மேலே ஐந்து. இந்த வரிசை எல்லோரும் ஏற்றுக்கொண்ட ஓர் உடன்பாடு. (5, 3)இல் புள்ளி வைக்கும் பிள்ளைக்குக் கணக்கு வராது என்று முடிவுகட்டுவது அநியாயம்.

வரைபடத்தில் வடக்கை முதலில் சொல்லிவிட்டு, கட்டத்தாளில் கிடைத்திசையை முதலில் சொன்னால் பிள்ளைகள் குழம்பமாட்டார்களா? குழம்பக்கூடும். அதனால்தான் பாகைகளைப் பிறகு வைத்துக்கொண்டு, விகாரை, பாடசாலை, பஸ் தரிப்பிடம் என்று தெரிந்த ஊரைக் கட்டத்தாளில் வரைந்து தொடங்கவேண்டும். ஒரு பிள்ளை எண்களைச் சொல்ல, மற்றப் பிள்ளை புள்ளி வைக்கட்டும். பாடசாலை தவறான இடத்தில் விழும்போது உடன்பாட்டின் தேவையை அவர்களே உணர்வார்கள். புள்ளி கட்டத்துக்குள் அல்ல, கோடுகள் வெட்டும் இடத்தில் விழவேண்டும். எண்ணுவதும் ஒன்றிலிருந்து அல்ல, பூச்சியத்திலிருந்து. இவ்விரண்டுக்கும் தனியாக ஒரு பாடவேளை ஒதுக்கினாலும் தகும்.