ட்ரைவ் பழுதில்லை, பழைய நீரோதான் மறித்து நிற்கிறது

விண்டோஸை மாற்றிய மறுநாள் சீடி எழுதப் போனால், அதற்கென்று வைத்திருந்த பழைய மென்பொருளான நீரோ திறக்காது. சில கணினிகளில் சீடி ட்ரைவே திரையில் காணாமற்போயிருக்கும். பொத்தானை அழுத்தினால் தட்டு வெளியே வரும், விளக்கும் மின்னும். ஆனால் விண்டோஸுக்கு அப்படியொரு ட்ரைவ் இருப்பதே தெரியாது. கடைக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் இரண்டில் ஒரு பதில் கிடைக்கும்: “ட்ரைவ் பழுது, புதுசு போடோணும்” அல்லது “கிராக் பண்ணின நீரோ இருக்கு, போட்டுத் தாறன்”. முதலாவது பல வேளைகளில் வீண்செலவு. இரண்டாவது ஆபத்து.

இந்தக் காலத்தில் சீடி யாருக்கு வேண்டும் என்று கேட்பவர்கள் கிழக்குக் கரையோரத்துத் திருக்கோவில், தம்பிலுவில் பக்கத்து வீடுகளின் அலுமாரியைத் திறந்து பார்க்கட்டும். 2000களில் நடந்த கலியாணம், சாமத்தியச் சடங்கு, சித்திரவேலாயுத சுவாமி கோயிலின் ஆடி அமாவாசைத் தீர்த்தம் எல்லாம் வீசீடியிலும் டிவிடியிலும்தான் கிடக்கின்றன. அக்கரைப்பற்று, கல்முனைப் பக்கத்து நிக்காஹ் வீடியோக்களும் அப்படியே. 2004 டிசம்பர் 26 சுனாமியில் கரையோர வீடுகள் அல்பங்களோடு போயின. அதன்பின் உறவினர் வீட்டில் இருந்த ஒரு தட்டுத்தான் மிச்சம் என்ற குடும்பங்களும் இந்தக் கரையில் உண்டு. தனியார் வைத்தியசாலைகள் ஸ்கேன் படங்களைச் சீடியில் கொடுக்கும் வழக்கமும் முற்றாக ஒழியவில்லை.

விண்டோஸ் 10க்கான வழமையான இலவசப் பாதுகாப்பு ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. அதனால் பலர் 11க்குத் தாவினார்கள். எக்ஸ்பி காலத்து மென்பொருள் அங்கே தடுக்கி விழுவதற்குக் காரணம் உண்டு. அந்தக் காலத்து நீரோ, ரொக்ஸியோ போன்றவை சாதாரண மென்பொருள் போல மேலே மட்டும் ஓடுபவை அல்ல. விண்டோஸுக்கும் ட்ரைவுக்கும் நடுவே ‘ஃபில்டர் ட்ரைவர்’ எனப்படும் சிறு நிரலையும் நிறுவிக்கொள்ளும். 64 பிட் விண்டோஸ், 32 பிட் ட்ரைவரை ஏற்காது. விஸ்டாவிலிருந்து, முறையான டிஜிட்டல் ஒப்பம் இல்லாத ட்ரைவரையும் அது உள்ளே விடாது. ‘கொம்பேட்டிபிலிட்டி மோட்’ போட்டுப் பாருங்கள் என்று சொல்வார்கள். அது மென்பொருளிடம் “இது எக்ஸ்பிதான்” என்று பொய் சொல்லுமே தவிர, ட்ரைவருக்கு வழிவிடாது.

ட்ரைவ் காணாமற்போவதும் இதனால்தான். பழைய மென்பொருள் ஓடாவிட்டாலும், ‘சீடி ட்ரைவுக்குப் போகிறவர்கள் என் வழியாகத்தான் போகவேண்டும்’ என்ற அதன் பதிவு விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் இருந்துகொண்டே இருக்கும். டிவைஸ் மேனேஜரில் ட்ரைவின் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் குறியும், உள்ளே கோட் 19, 31, 39 போன்ற இலக்கமும் தெரிந்தால், ட்ரைவைக் கழற்றும் முன் இந்தப் பதிவையே சந்தேகியுங்கள்.

முதலில் பழைய மென்பொருளை முறையாக நீக்கிவிட்டு, கணினியை மீள இயக்கிப் பாருங்கள். பல நேரம் இதுவே போதும். போதாவிட்டால் ரெஜிஸ்ட்ரியில் சீடி ட்ரைவ்களுக்கான பகுதியில் ‘அப்பர்ஃபில்டர்ஸ்’, ‘லோவர்ஃபில்டர்ஸ்’ என்ற இரண்டு பதிவுகளையும் அழித்து மீள இயக்கவேண்டும். இங்கேதான் கவனம். அந்தப் பகுதியின் நீண்ட பெயர் 4டி36இ965 என்று தொடங்கும். 4டி36இ967 என்று தொடங்கும் இன்னொன்றும் அதே பட்டியலில் உண்டு. அது ஹார்ட் டிஸ்க்குக்கு உரியது. அங்கே கைவைத்து அப்பர்ஃபில்டர்ஸை அழித்தால் கணினி விண்டோஸுக்குள் போகவே மறுக்கும். ஒரே ஒரு இலக்கம்தான் வித்தியாசம். ஆகவே ரெஜிஸ்ட்ரியைப் பிரதி எடுத்துவைக்காமல் தொடாதீர்கள். பழக்கமில்லாதவர்கள் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. ஐடியூன்ஸ் போன்ற சிலவும் அதே இடத்தில் பதிவு வைத்திருக்கும். அழித்தபின் அவற்றில் சீடி எழுதும் வசதி வேலைசெய்யாவிட்டால் திரும்ப நிறுவினால் சரி.

விண்டோஸ் 11இன் ‘மெமரி இன்டெக்ரிட்டி’ பாதுகாப்பும் பழைய ட்ரைவரை மறிக்கும். அதை அணைத்துவிட்டால் நீரோ ஓடும் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். ஒரு பழைய மென்பொருளுக்காக முழுக் கணினியின் கதவையும் திறந்துவைப்பது அது.

உண்மையில் நீரோ வேண்டுமா? சும்மா கோப்புகளைத் தட்டில் எழுத விண்டோஸே போதும். வெற்றுத் தட்டைப் போட்டதும் அது இரண்டு வழிகளைக் காட்டும்: யூஎஸ்பி போல, அல்லது சீடி/டிவிடி பிளேயருக்காக. இரண்டாவதையே தெரிவுசெய்யுங்கள். முதலாவதைத் தெரிவுசெய்தால் தட்டு உங்கள் கணினியில் திறக்கும், மற்றவர் வீட்டு பிளேயர் அதைத் திரும்பியும் பாராது. தட்டின் முழு நகலான ஐஎஸ்ஓ கோப்பென்றால், வலது சொடுக்கில் வரும் பட்டியலில் அதைத் தட்டில் எழுதும் கட்டளை உண்டு. நீரோவின் என்ஆர்ஜி கோப்புகளுக்கு இம்க்பேர்ன் என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கும். அதன் 2.5.8 பதிப்பு 2013இல் வந்தது. விளம்பர மென்பொருளையும் கூடவே நிறுவிய வரலாறு அதற்கு இருப்பதால், நிறுவும்போது ஒவ்வொரு திரையையும் வாசித்து ‘நெக்ஸ்ட்’ அழுத்துங்கள்.

ட்ரைவோடு வந்த ‘நீரோ எக்ஸ்பிரஸ்’ வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல்: அப்படி வந்த பதிப்புகள் பெரும்பாலும் அந்த நிறுவனத்தின் ட்ரைவோடு மட்டுமே ஒத்துழைக்கும். ‘புது ட்ரைவ்’ போட்டபின் அதுவும் முரண்டுபிடிக்கலாம்.

எழுதுவதைவிட அவசரமானது தட்டில் உள்ளதைக் காப்பாற்றுவது. எழுதும் தட்டின் சாயப்படை காலத்தால் மங்கும், வெயிலும் ஈரமும் அதை விரைவாக்கும். கடலோரத்தில் அதைச் சொல்லவேண்டியதில்லை. டிவிடி என்றால் ‘வீடியோ_டிஎஸ்’ கோப்புறையை முழுதாக ஹார்ட் டிஸ்க்குக்குப் பிரதி செய்யுங்கள். விஎல்சி பிளேயர் அதை அப்படியே ஓட்டும். வீசீடியில் ‘எம்பெக்ஏவி’ கோப்புறைக்குள் இருக்கும் .டாட் கோப்புகளும் அதில் ஓடும். பாட்டுச் சீடியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கணினியில் தெரியும் .சீடிஏ கோப்பு ஒவ்வொன்றும் வெறும் 44 பைட். அதில் பாட்டு இல்லை, பாட்டு எங்கே தொடங்குகிறது என்ற குறிப்பு மட்டுமே உண்டு. அதைப் பிரதி செய்துவிட்டுச் சீடியை எறிந்தால் ஒன்றும் மிஞ்சாது. விண்டோஸ் மீடியா பிளேயரின் ‘ரிப்’ வசதியால் எடுக்கவேண்டும்.

இனி, உரிமப் பூட்டை உடைத்த ‘கிராக்’ மென்பொருளைப் பற்றி. கடவுச்சொற்களையும் வங்கி விவரங்களையும் திருடும் நிரல்களைப் பரப்புகிறவர்களுக்கு மிகவும் பிடித்த வாகனம் கிராக்தான். நிறுவும் முன் “வைரஸ் கார்டை அணையுங்கள்” என்று அது கேட்டாலே விளங்கிக்கொள்ளுங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி மென்பொருளையும் பாதுகாக்கிறது. களவுப் பிரதி என்று தெரிந்தே அதை வைத்துத் தொழில் நடத்துவது குற்றம். ஸ்டூடியோக்காரர்கள் கவனிக்க. அதே சட்டம் உங்கள் பக்கமும் பேசுகிறது: நியாயமாக வாங்கிய மென்பொருளுக்கு ஒரு காப்புப் பிரதி எடுத்துவைக்கலாம். கணக்குத் திருடுபோனது போன்ற தொல்லை வந்தால் கணினி அவசர உதவி அமைப்பான இலங்கை சேர்ட்டின் 101ஐ அழையுங்கள்.

மென்பொருள் ஒன்று சீடி ட்ரைவைக் கெடுத்தால் நட்டத்தை யார் தாங்குவது என்ற கேள்வி அமெரிக்காவில் 2005இலேயே எழுந்தது. சோனி பிஎம்ஜி தன் பாட்டுச் சீடிகளில் ஒளித்து அனுப்பிய நகல்தடுப்பு மென்பொருளைக் கையால் நீக்கியவர்களின் ட்ரைவ் காணாமற்போனது. 2007இல் அந்நாட்டு வர்த்தக ஆணையத்தோடு செய்த உடன்பாட்டில், கணினிச் சேதத்துக்கு 150 டொலர் வரை கொடுக்க நிறுவனம் ஒப்புக்கொண்டது.

நம் நாட்டில் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் இருக்கிறது. பணம் வாங்கிச் செய்யும் சேவையை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்யவேண்டும் என்பது அதன் நிலைப்பாடு. பற்றுச்சீட்டு கேட்டால் கொடுக்கவேண்டியது வியாபாரியின் கடமை. ஆகவே கணினியைக் கொடுக்கும் முன் உள்ளிருக்கும் படங்களைப் பிரதி எடுங்கள். ட்ரைவ் பழுது என்றால், அதை இன்னொரு கணினியில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். கழற்றிய பழைய ட்ரைவைத் திரும்பக் கேளுங்கள். என்ன செய்தார்கள், என்ன மென்பொருள் போட்டார்கள் என்று சீட்டில் எழுதி வாங்குங்கள். ஏமாற்றப்பட்டால் அந்த அதிகார சபையின் 1977ஐ அழையுங்கள். ஆனால் அழைப்பு மட்டும் போதாது. சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு எழுத்தில் போகவேண்டும்.