தாத்தாவின் படமும் பழைய கணினியும்

உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் தாத்தா பாட்டி படத்தைச் சற்று உற்றுப் பாருங்கள். ஓரங்கள் பழுத்து, முகத்தின் மேல் வெள்ளை வெள்ளையாய்ப் பூஞ்சணம் பூத்திருக்கும். பால்மரம் வெட்டிய காலத்தில் பட்டணத்து ஸ்டூடியோவுக்குப் போய் எடுத்துக்கொண்ட ஒரே படம் அதுவாக இருக்கலாம். நெகட்டிவ் எப்போதோ போய்விட்டது. குடியிருந்த லயத்தையும் இடித்துவிட்டார்கள்.

இத்தகைய படங்களைக் கணினியில் ஏற்றிச் செப்பனிடலாம் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த செய்திதான். ஆனால், "வீட்டில் இருப்பது பழைய மேசைக் கணினி, இன்றைய மென்பொருள் அதில் ஓடாது, புதியது வாங்குங்கள்" என்று கடையில் சொல்லிவிடுகிறார்கள். பெற்றோரும் தவணைக்குக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். பேனாவை எடுக்குமுன் இதைக் கொஞ்சம் படியுங்கள்.

கடைக்காரர் சொல்வது முழுப் பொய்யும் அன்று. பெயர் பெற்ற ஃபோட்டோஷாப்பின் இன்றைய பதிப்பு குறைந்தது 8 ஜிகாபைட் ரேம் கேட்கிறது. 16 இருந்தால் நல்லது என்று அதைச் செய்யும் அடோபி நிறுவனமே சொல்கிறது. 2013 முதல் அதன் புதிய பதிப்புகளுக்குச் சந்தா கட்டியே ஆகவேண்டும். போதாக்குறைக்கு, விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 14-10-2025 அன்று முடிந்துபோனது. விண்டோஸ் 11-ஓ, 2017-க்கு முந்திய இன்டெல் கணினிகளை ஏற்பதில்லை.

இருந்தாலும் ஒரு படத்தைச் செப்பனிட எவ்வளவு பலம் வேண்டும்? நாமே கணக்குப் போடலாமே! 6 அங்குல நீளம், 4 அங்குல அகலமுள்ள படம். அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம் ஸ்கேன் செய்தால் 3,600 பெருக்கல் 2,400. ஆக 86 லட்சத்து 40 ஆயிரம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று 3 பைட். மொத்தம் ஏறக்குறைய 26 மெகாபைட். 8 ஜிகாபைட் ரேமில் இது எந்த மூலைக்கு? 1,200 புள்ளி வைத்தால் சுமைதான் நான்கு மடங்காகி 104 மெகாபைட் ஆகும். பழைய ஸ்டூடியோ அச்சுக்கு 600 தாராளம்.

பின் ஏன் பழைய கணினி திணறுகிறது? நாம் செய்யும் திருத்தங்களை, 'வேண்டாம்' என்றால் திருப்பித் தருவதற்காக மென்பொருள் நினைவில் வைத்துக்கொள்கிறது. ரேம் நிறைந்ததும் மிச்சத்தை வட்டில் எழுதத் தொடங்கும். பழைய வட்டு சுழன்று சுழன்று வேலை செய்வது; மெதுவானது. நோய் அங்கேதான். 4 ஜிகாபைட் ரேமை 8 ஆக்குங்கள். சுழலும் வட்டுக்குப் பதில் எஸ்.எஸ்.டி. போடுங்கள். ரேம் பழையதாகவே வாங்கலாம், எஸ்.எஸ்.டி.யை மட்டும் புதிதாக வாங்குங்கள். கடைக்குப் போகும்போது பழைய ரேமைக் கழற்றிக் கையோடு கொண்டு போவது நல்லது. டி.டி.ஆர்.3 இருக்கும் இடத்தில் டி.டி.ஆர்.4 நுழையாது, மடிக்கணினியின் ரேமும் பொருந்தாது. இன்னொன்று: 32 பிட் விண்டோஸ் போட்டிருந்தால் 4 ஜிகாபைட்டுக்கு மேல் எவ்வளவு சேர்த்தாலும் வீண்.

இனி மென்பொருள். கிம்ப் என்று ஒன்று உண்டு. அமெரிக்காவில் இரண்டு கல்லூரி மாணவர்கள் 1995-இல் தொடங்கி வைத்தது; இன்றுவரை இலவசம். அதன் 3.0 பதிப்பு 2025 மார்ச்சில் வெளிவந்தது. ஃபோட்டோஷாப்பை விடச் சிறிய கணினியிலும் அது நடக்கும். விண்டோஸ் 11 ஏறாத கணினியா? லினக்ஸ் மின்ட் என்னும் இலவச இயக்குதளத்தின் எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பு 2 ஜிகாபைட் ரேமிலும் ஓடும். 4 இருந்தால் சுகம். கிம்ப் அதிலும் வேலை செய்யும். ஆனால் அதை ஏற்றுமுன் வட்டில் உள்ள கோப்புகளை வேறிடத்தில் எடுத்து வைத்துவிட வேண்டும். 'கிராக்' செய்த ஃபோட்டோஷாப்பைச் சும்மா போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கிட்டே சேர்க்காதீர்கள். அதோடு எந்தப் பூச்சி வீட்டுக்குள் வருமோ, யார் கண்டார்!

படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் பிய்க்கவே கூடாது. முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். முதல் கோப்பைத் தொடாமல் வைத்து, நகலில் வேலை செய்யுங்கள். கிம்ப்பில் எச் எழுத்தைத் தட்டினால் 'ஹீல்' கருவி வரும். கண்ட்ரோல் பொத்தானை அழுத்திக்கொண்டு சுத்தமான இடத்தில் ஒரு சொடுக்கு. பிறகு கீறலின் மேல் தேய்த்தால் மறையும். பின்னணியில் தொடங்கி, கை பழகிய பின் முகத்துக்கு வாருங்கள்.

'ஏ.ஐ. ஒரு நொடியில் செய்துவிடுமே, ஆசிரியரே!' என்பீர்கள். ஃபோட்டோஷாப்பில் 2023-இல் வந்த அந்த நிரப்பும் வித்தை, இணையம் வழியாக நிறுவனத்தின் கணினிகளில் நடப்பது. அதற்காகவும் வீட்டில் பெரிய கணினி வாங்க வேண்டியதில்லை. ஆனால் அழிந்துபோன வாயையும் கண்ணையும் அது ஊகித்துத்தான் வரைகிறது. அழகான முகம் கிடைக்கலாம். அது உங்கள் பாட்டியின் முகம்தானா? பூஞ்சணம் தின்ற இடம் முகத்தில் கொஞ்சம் மிஞ்சினாலும் அப்படியே விட்டுவிடலாம் என்பதே என் எண்ணம்.

வேலை முடிந்ததும் இரண்டு பிரதிகளை இரண்டு வீடுகளில் வையுங்கள். படத்தில் இருப்பவர் பெயர், தோட்டத்தின் பெயர், ஆண்டு ஆகியவற்றை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, கோப்பின் பெயராகவே எழுதிவிடுங்கள்.