வெள்ளைக் குடையில் பச்சைத் தூள்

ஐப்பசி மழை விட்டு இரண்டு நாள் வெயில் அடித்தால் போதும், சேலம், நாமக்கல் பகுதிகளில் கரட்டடியிலும் மேய்ச்சல் புறம்போக்கிலும் காளான் முளைத்துவிடும். மாடு மேய்க்கப் போனவர் துண்டில் கட்டி வருவது புற்றுக்காளான் என்றால் அன்று வீட்டில் விருந்துதான். அதே புல்லில் முளைக்கும் இன்னொரு வெள்ளைக் குடை குடும்பத்தோடு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடும்.

அதன் பெயர் குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ். சில இடங்களில் வட்டம் போட்டதுபோல் முளைக்கும். குடை சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு விரியும். மேலே பழுப்புச் செதில், தண்டில் வளையம் இருக்கும். இளசாக இருக்கும்போது குடையின் அடிமடிப்புகள் வெள்ளையாகவே இருப்பதால் பலர் ஏமாறுகிறார்கள். முற்றிய பிறகே பச்சை ஏறும். சாப்பிட்ட 1 முதல் 3 மணி நேரத்தில் கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு தொடங்கும்.

முற்றிய குடையைத் தண்டு நீக்கி, அடிப்பக்கம் கீழாக வெள்ளைத் தாளில் கவிழ்த்து, கிண்ணத்தால் ஓர் இரவு மூடி வைத்தால் தூள் படியும். பச்சையாகப் படிந்தால் குப்பையில் போட வேண்டியதுதான். இந்தப் பச்சைத் தூளை வைத்தே 1898-இல் மாஸ்ஸி என்ற ஆங்கிலேய அறிஞர் குளோரோஃபில்லம் என்ற பேரினத்தை வகுத்தார். 2002-இல் வெல்லிங்கா என்ற ஆய்வாளர் மரபணுவை ஒப்பிட்டு, வெள்ளைத் தூள் உதிர்க்கும் சில காளான்களையும் இதே பேரினத்தில் சேர்த்தார். ஆகவே பச்சை இல்லை என்பதாலேயே நல்ல காளான் ஆகிவிடாது. வெள்ளைத் தூள் உதிர்ப்பவற்றில் உயிர் குடிப்பவையும் உண்டு.

பெரிய புற்றுக்காளானைப் பிடுங்காமல் தோண்டினால், தண்டு வேர்போல நீண்டு கரையான் கூட்டுக்குள் போவது தெரியும். குடையின் நடுவில் கூரான முகடு இருக்கும். தூள் இளஞ்சிவப்பு. இத்தனையும் பொருந்தினாலும், பழகிய பெரியவர் பார்த்துச் சொல்லாமல் அடுப்பில் ஏற்றக் கூடாது. வெள்ளிக் காசு கருக்கும், பூச்சி தின்றது நல்லது, புளி போட்டு வேகவைத்தால் விஷம் போகும் என்பதெல்லாம் வெறும் பேச்சு.

வாந்தி வந்தால் மீதிக் காளானையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். 6 மணி நேரம் கழித்து வாந்தி தொடங்கினால் ஆபத்து இன்னும் பெரிது. நடுவில் குணமானதுபோல் தெரிந்தாலும் ஈரல் கெட்டுக்கொண்டிருக்கலாம்.

காளான் ஆசைக்குப் பால்காளான் இருக்கிறது. புற்றுக்காளானின் குடும்பமே அது. 30 முதல் 35 டிகிரி வெப்பத்திலும் நன்றாக விளைவதால் நம் சமவெளிக்கு ஏற்றது.