அன்று 'புடிக்கல மாமு'... இன்று ரிங்டோன்! ராஜா ரசிகர்கள் மனசு மாறிய கதை

ஓசூர்:

இசைஞானி இளையராஜா 2012-ல் இசையமைத்த 'நீதானே என் பொன்வசந்தம்' பாட்டுகளைக் கேட்டுவிட்டு, "என்னப்பா, ராஜா இப்படி பண்ணிட்டாரு?" என்று உதட்டைப் பிதுக்கியவர்கள் ஏராளம். அதே ஆட்களில் பலர் இன்று அதே பாட்டுகளை செல்போனில் ரிங்டோனாக வைத்திருக்கிறார்கள். பாட்டில் ஒரு எழுத்து கூட மாறவில்லை. அப்படின்னா மாறியது எது?

சிப்காட் கம்பெனி பஸ் ஆகட்டும், பாகலூர் ரோடு டீக்கடை ஆகட்டும், ராஜா பேச்சு எடுத்தாலே இந்த வாக்குவாதமும் கூடவே வந்துவிடும். இதுபற்றிய விவரம் வருமாறு:-

எகிறிய எதிர்பார்ப்பு

1976-ல் 'அன்னக்கிளி' படத்தில் அறிமுகமான இளையராஜாவுக்கு 2012-ல் வயது 69. 80-களில் தமிழ்நாட்டில் அவர் பாட்டு ஒலிக்காத டீக்கடை கிடையாது, கல்யாண வீடு கிடையாது. 1992-ல் 'ரோஜா' மூலம் ஏ.ஆர்.ரகுமான் வந்தார். காற்று திசை மாறியது. 2000-க்குப் பிறகு 'அழகி', 'பிதாமகன்', 'விருமாண்டி' என்று ராஜாவின் பெயர் பேசப்பட்டாலும், காலேஜ் பசங்க கேட்கும் பாட்டு என்றால் அது வேறு ஆட்கள் பாட்டு என்று ஆகிப்போனது.

இந்த நேரத்தில்தான் டைரக்டர் கவுதம் மேனன் அவரிடம் போனார். 'மின்னலே', 'காக்க காக்க', 'வாரணம் ஆயிரம்' என்று ஹாரிஸ் ஜெயராஜோடும், 2010-ல் 'விண்ணைத்தாண்டி வருவாயா' படத்தில் ரகுமானோடும் வேலை செய்தவர் அவர். ஜீவா - சமந்தா ஜோடி. படத்தின் பெயரே 1982-ல் வந்த 'நினைவெல்லாம் நித்யா' படத்து ராஜா பாட்டை நினைவுபடுத்தும் பெயர். கேட்கணுமா? "தலைவர் திரும்ப வந்துட்டாரு" என்று ரசிகர்கள் துள்ளிக் குதித்தார்கள்.

2012 செப்டம்பர் 1-ந் தேதி சென்னை நேரு உள்விளையாட்டு அரங்கில் பாட்டு வெளியானது. மொத்தம் 8 பாட்டு. எட்டையும் எழுதியவர் நா.முத்துக்குமார். பெரிய வயலின் கோஷ்டி, எலெக்ட்ரிக் கிட்டார், அதிரும் டிரம்ஸ் என்று ஒரு ராக் பேண்ட் போட்ட ஆல்பம் மாதிரியே இருந்தது.

இரண்டு பக்கமும் இடி

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். இந்த பாட்டுகளுக்கு அதுதான் நடந்தது.

பழைய ராஜா ரசிகர்கள் ஒரு பக்கம். அவர்களுக்கு ராஜா என்றால் எஸ்.பி.பி. குரல், ஜானகி குரல், தபேலா, புல்லாங்குழல். இதில் பாடியவர்கள் கார்த்திக், சுனிதி சவுகான், பேலா ஷிண்டே, ரம்யா, யுவன் சங்கர் ராஜா. "குரல் ஒட்டலையே, ராஜா பாட்டு மாதிரியே இல்லையே" என்று முகம் சுளித்தார்கள்.

கவுதம் மேனன் படத்து பாட்டு என்று வந்த இளசுகள் இன்னொரு பக்கம். அவர்கள் எதிர்பார்த்தது முதல் தடவை கேட்டதுமே வாயில் ஒட்டிக்கொள்ளும் பாட்டு. ராஜா கொடுத்ததோ வேற மாதிரி. மெட்டு ஓரிடத்தில் வளையும், சட்டென்று இன்னொரு பக்கம் திரும்பும். பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் வரும் இசை முதல் தடவை ஒன்று, இரண்டாம் தடவை வேறொன்று. அவர் 80-களில் இருந்து செய்வதுதான் இது. ஆனால் அந்தப் பழக்கம் இல்லாத காதுக்கு "என்னமோ குழப்புது" என்றே பட்டது.

'புடிக்கல மாமு' என்றே ஒரு பாட்டு இருந்தது. ராக் கிட்டாரில் தொடங்கி பாதியில் நம்ம ஊர் குத்துக்குத் தாவும் பாட்டு. கிண்டல் அடிக்க இது போதாதா? "பேரையே சரியா வச்சுட்டாரு, எங்களுக்கும் புடிக்கல மாமு" என்று கலாய்த்துத் தள்ளினார்கள்.

மெமரி கார்டு காலம்

இன்னொரு முக்கியமான சங்கதியை யாரும் அப்போது கவனிக்கவில்லை. எதில் பாட்டு கேட்டோம்?

2012-ல் ஓசூர் பக்கம் கம்பெனிகளில் வேலை பார்த்த பசங்களை நினைத்துப் பாருங்கள். செல்போன் கடையில் பத்து, இருபது ரூபாய் கொடுத்தால் மெமரி கார்டு நிறைய பாட்டு ஏத்திக் கொடுப்பார்கள். பழசு, புதுசு, குத்து, சோகம் எல்லாம் ஒரே கார்டில். சைஸ் குறையட்டும் என்று பாட்டைப் பிழிந்து சுருக்கியிருப்பார்கள். அதை சீனா செட் ஸ்பீக்கரில் அலற விடுவோம்.

அந்த சின்ன ஸ்பீக்கரில் அடியில் ஓடும் பேஸ் கிட்டார் வெளியே வராது. பின்னால் வரும் வயலின் அடுக்குகள் கரைந்து போகும். மேலே நிற்கும் குரலும் டிரம்ஸ் சத்தமும்தான் மிச்சம். ராஜா பாட்டில் பாதி உயிர் அந்த அடிச்சத்தத்தில்தான் இருக்கிறது. பிரியாணியில் சோறு மட்டும் தின்றுவிட்டு ருசி இல்லை என்று சொன்ன கதைதான்.

கேட்ட நேரமும் ஒரு காரணம். பிரஸ் ஷாப்பில் 8 மணி நேரம் 'டமால் டமால்' சத்தத்தில் நின்றுவிட்டு வருபவனுக்கு அந்த சத்தத்தையே அமுக்குகிற குத்துப்பாட்டுதான் முதலில் இனிக்கும். பொறுமையாக உட்கார்ந்து கேட்கவேண்டிய பாட்டு அங்கே எடுபடாது.

படமும் கைகொடுக்கலை

2012 டிசம்பர் 14-ந் தேதி படம் வந்தது. பள்ளி, காலேஜ், அதற்குப் பிறகு என்று ஒரு காதல் ஜோடி சண்டை போட்டு சேர்ந்து மறுபடி பிரியும் கதை. "படம் ஜவ்வு மாதிரி இழுக்குது" என்று பேச்சு கிளம்பியது. அதே நாளில்தான் 'கும்கி' ரிலீஸ். டி.இமான் போட்ட கும்கி பாட்டுகள் பட்டிதொட்டி எல்லாம் பட்டையைக் கிளப்பின. பொன்வசந்தம் பாட்டுகள் படத்தோடு சேர்ந்தே ஓரமாக ஒதுங்கின.

எப்படி மாறியது?

ஒரே நாளில் மாறவில்லை. சொட்டு சொட்டாக மாறியது. ரசிகர்கள் சொல்வதைக் கூட்டிப் பார்த்தால் 4 காரணம் தெரிகிறது.

முதல் காரணம், படம் மறந்து போச்சு. தியேட்டரில் கடுப்பானவர்களுக்கு அந்த கடுப்பு போனதும் பாட்டு மட்டும் தனியாக நின்றது.

இரண்டாவது, கேட்கும் சாதனம். 2016-ல் ஜியோ வந்து நெட் விலை சரிந்தது. மெமரி கார்டு போய், போனிலேயே நல்ல தரத்தில் பாட்டு கிடைத்தது. ஹெட்போன், புளூடூத் ஸ்பீக்கர் எல்லாம் சாதாரண ஆளுக்கும் எட்டும் விலைக்கு வந்தது. நைட் ஷிப்ட் முடிந்து விடியற்காலை பஸ்சில் கண்ணை மூடிக்கொண்டு 'சற்று முன்பு' பாட்டை ஹெட்போனில் கேட்பதும், அதே பாட்டை சீனா செட்டில் கேட்பதும் ஒண்ணா? "அட, இந்த வயலின் இதுக்கு முன்னாடி எங்கே இருந்துச்சு?" என்று தோன்றத்தானே செய்யும்!

மூன்றாவது, நா.முத்துக்குமார் மறைவு. 2016 ஆகஸ்டு 14-ந் தேதி, 41 வயதில் அவர் போய்விட்டார். 'தங்க மீன்கள்', 'சைவம்' படப் பாட்டுகளுக்கு அடுத்தடுத்து தேசிய விருது வாங்கிய கவிஞர். அந்த துக்கத்தில் அவர் எழுதியதை எல்லாம் தேடிப் பிடித்துக் கேட்டவர்கள் இந்த எட்டு பாட்டிலும் வந்து நின்றார்கள். மெட்டில் குறை கண்டுபிடித்தவர்கள் வார்த்தையில் மனசை விட்டார்கள்.

நான்காவது காரணம்தான் பெரிசு. கேட்பவனுக்கு வயசாகிவிட்டது. 2012-ல் 25 வயதில் பேச்சிலர் ரூமில் இருந்தவர் இன்று 40-ஐ நெருங்குகிறார். காதலில் தோற்றிருக்கலாம். பிழைப்புக்காக ஊரை விட்டு வந்து, பொண்டாட்டி பிள்ளையை மாதம் ஒரு தடவை பார்ப்பவராக இருக்கலாம். சண்டை போட்டுப் பிரிந்தவர்கள் மறுபடி பேசத் தவிக்கும் பாட்டு 25-ல் ஒரு மாதிரி கேட்கும், 40-ல் வேற மாதிரி கேட்கும்.

அன்றைக்கு 3-ம் வகுப்பு, 4-ம் வகுப்பு படித்த பசங்க இன்று டிரெய்னியாக கம்பெனிக்குள் வந்துவிட்டார்கள். அவர்களுக்கு "பழைய ராஜா மாதிரி இல்லை" என்ற கவலையே கிடையாது. 'என்னோடு வா வா', 'காற்றைக் கொஞ்சம்' எல்லாம் அவர்களுக்கு வெறும் நல்ல பாட்டு, அவ்வளவுதான்.

மூணு மொழி ஊரு

எல்லையில் இருக்கும் ஓசூருக்கு இந்த கதையில் தனி ருசி உண்டு. வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ், ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளி போனால் கன்னடம் என்று வாழ்கிற ஊர் இது. இந்தப் படமும் அதே நேரத்தில் தெலுங்கில் நானி - சமந்தா நடிப்பில் 'எட்டோ வெள்ளிப்போயிந்தி மனசு' என்று வந்தது. மெட்டு ஒன்று, பாஷை இரண்டு. ஒரே பாட்டை மாமா தெலுங்கிலும் மாப்பிள்ளை தமிழிலும் முணுமுணுக்கிற வீடுகளை இங்கேதான் பார்க்க முடியும்.

ராஜா இவர்களுக்கு புதுசும் இல்லை. தெலுங்கில் 'சாகர சங்கமம்', 'ருத்ரவீணா' படங்களுக்கு தேசிய விருது வாங்கியவர். கன்னடத்தில் 1981-ல் சங்கர் நாகின் 'கீதா', 1983-ல் மணிரத்னத்தின் முதல் படமான 'பல்லவி அனுபல்லவி' என்று கலக்கியவர். பல்லவி அனுபல்லவி மெட்டுதான் பல வருஷம் கழித்து ஐடியா செல்போன் விளம்பரத்தில் வந்து நாடு முழுக்க ஒலித்தது. அது ராஜா மெட்டு என்றே பலருக்கு அப்போது தெரியாது!

வெள்ளைக்காரனுக்கும் இதே கதைதான்

இது நம்ம ஊர் சமாச்சாரம் மட்டும் இல்லை. ஓசூரில் இருந்து 40 கி.மீ. தூரத்தில் இருக்கும் பெங்களூர் அரண்மனை மைதானத்தில் 2011 அக்டோபர் 30-ந் தேதி அமெரிக்காவின் 'மெட்டாலிகா' ராக் குழு கச்சேரி நடத்தியது. கருப்பு டி-சர்ட் போட்ட கூட்டம் அலைமோதியது.

இந்த மெட்டாலிகா 2003-ல் 'செயின்ட் ஆங்கர்' என்று ஒரு ஆல்பம் போட்டது. குழு ஆரம்பித்து 20 வருஷம் தாண்டிய நேரம். டிரம்ஸ் சத்தம் தகர டப்பாவைத் தட்டுவது மாதிரி இருக்கிறது, கிட்டார் தனி ஆவர்த்தனமே இல்லை என்று ரசிகர்கள் காறித் துப்பாத குறை. ஆனால் பின்னாடி வந்த இளவட்டங்களில் ஒரு கோஷ்டி, "மேக்கப் போடாத பாட்டுய்யா இது, கோபம் அப்படியே கேட்குது" என்று கட்சி கட்டியது. பழைய ரசிகர்களில் பலர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. சண்டை ஓயவில்லை.

வயசான கலைஞனிடம் ரசிகன் இரண்டு விஷயம் கேட்கிறான். "பழைய மாதிரியே கொடு" என்கிறான். கொடுத்தால் "புதுசா ஒண்ணும் இல்லையே" என்கிறான். அவர் என்னதான் செய்வார்?

குணாவை மறக்கலாமா?

ராஜா விஷயத்திலேயே இதற்கு முன் உதாரணம் இருக்கிறது. 1991 தீபாவளிக்கு ரஜினியின் 'தளபதி'யும் கமலின் 'குணா'வும் ஒன்றாக வந்தன. இரண்டுக்கும் இசை ராஜா. தளபதி வசூலில் பின்னியது, குணா அடங்கிப்போனது. 32 வருஷம் கழித்து 2024 பிப்ரவரியில் மலையாளத்தில் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' வந்தது. அதில் குணா பாட்டு வந்த இடத்தில் தியேட்டரே எழுந்து கைதட்டியது. அந்தப் பாட்டு வந்தபோது பிறக்காத பசங்க கண் கலங்கினார்கள்.

எல்லோரும் மாறலை

ஒன்றை மறைக்கக்கூடாது. பொன்வசந்தத்தை இன்றும் ஏற்காதவர்கள் இருக்கிறார்கள். எட்டில் நாலு தேறும், மிச்சம் சுமார்தான் என்பது அவர்கள் தீர்ப்பு. "எஸ்.பி.பி. பாடியிருந்தா கதையே வேற" என்ற ஏக்கமும் போகவில்லை. 2020 செப்டம்பர் 25-ல் எஸ்.பி.பி. மறைந்த பிறகு அந்த ஏக்கம் இன்னும் கூடித்தான் இருக்கிறது. பழசாகிவிட்டதாலேயே எல்லா பாட்டும் நல்ல பாட்டு ஆகிவிடாது என்று அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

ஆனால் ராஜா எதற்கும் நிற்கவில்லை. 2013-ல் பாட்டே இல்லாத 'ஓநாயும் ஆட்டுக்குட்டியும்' படத்துக்குப் பின்னணி இசை. 'தாரை தப்பட்டை' பின்னணி இசைக்கு தேசிய விருது. 2023-ல் 'விடுதலை'. 2025 மார்ச் 8-ந் தேதி லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு 'வேலியன்ட்' சிம்பொனியை வாசித்தபோது அவருக்கு வயது 81. மற்றவர் தீர்ப்புக்காகக் காத்திருந்தால் இதில் எதையும் செய்திருக்க முடியாது.

நம்ம கம்பெனிகளில் புதுசா சேருகிற டிரெய்னிக்கே ஒரு வருஷம் டைம் கொடுக்கிறார்கள். வேலை படிந்துவிட்டதா என்று பார்த்துத்தான் முடிவு. 36 வருஷம் சர்வீஸ் போட்ட பெரியவரின் பாட்டுக்கு அன்றைக்கு நாம் கொடுத்தது எத்தனை நாள்? ரெண்டு நாள் கூட இல்லை. பாதி கேட்டு, 'அடுத்த பாட்டு' பட்டனை அமுக்கிவிட்டோம்.

இன்று ராத்திரி ஷிப்டுக்கு பஸ் ஏறுகிறீர்களா? ஹெட்போனை மாட்டி 'சற்று முன்பு' பாட்டை முழுசா ஒரு தடவை கேளுங்கள். அப்பவும் பிடிக்கலைன்னா தாராளமா சொல்லுங்க... "புடிக்கல மாமு!"